பஞ்சாங்கமும் பழமரமும்

நம் சங்கத்து அங்கத்தினர்கள் எந்த ஊரில் குடியிருந்தாலும் கூடத்துச் சுவரில் ஒரு பஞ்சாங்கமோ நாள்காட்டியோ தொங்கும். அமாவாசை, ஏகாதசி, ச்ராத்த திதி, ராகு காலம் இவற்றுக்காக அதைப் புரட்டுகிறோம். அதே பஞ்சாங்கம் ஒரு காலத்தில் கொல்லைப்புறத்துக்கும் உரியதாக இருந்தது என்பது இன்று பலருக்கு நினைவில் இல்லை. சூரியன் எந்த நட்சத்திரத்தில் இருக்கும்போது நடவேண்டும், எப்போது நீர் விடவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்ற கணக்கு தேசத்தின் பல பாகங்களில் வழக்கில் இருந்தது. சில இடங்களில் இன்னமும் இருக்கிறது. பாங்க் உத்தியோகத்தில் நாகபுரி, லக்னோ, பெங்களூர் என்று சுற்றிவிட்டு இப்போது புணேயில் குடியிருக்கிறேன். ஒவ்வோர் ஊரிலும் பழமரம் வைத்திருந்தவர்களிடம் கேட்டதையும், அது பற்றிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

வராஹமிஹிரர் சொன்னது

6-ஆம் நூற்றாண்டில் உஜ்ஜயினி வட்டாரத்தில் வாழ்ந்த வராஹமிஹிரரை நாம் ஜோதிட நூலாசிரியராகவே அறிவோம். அவருடைய பிருஹத் ஸம்ஹிதையில் விருக்ஷாயுர்வேதம் என்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் உள்ளவை பெரும்பாலும் அனுபவத்தில் வந்த விஷயங்கள். கிளை விடாத கன்றுகளை சிசிர ருதுவிலும், கிளை விட்டவற்றைப் பனி தொடங்கும் ஹேமந்தத்திலும், அடி பருத்தவற்றை மழை தொடங்கும்போதும் இடம் மாற்றி நடவேண்டும் என்கிறார். கோடையில் நட்ட மரத்துக்குக் காலையும் மாலையும் நீர். குளிர் காலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மழைக் காலத்தில் மண் காய்ந்தால் மட்டும் போதும். மரத்துக்கு மரம் 20 முழம் இடைவெளி உத்தமம், 16 மத்திமம், 12 அதமம். முழம் ஒன்றரை அடி என்று கொண்டால் 20 முழம் 30 அடி ஆகிறது. இன்று மாமரத்துக்குச் சாதாரணமாகச் சொல்லப்படும் 10 மீட்டர் இடைவெளிக்கு இது மிகவும் நெருங்கி வருகிறது. மாதுளை, திராட்சை முதலியவற்றைப் போத்து வெட்டிச் சாணம் பூசி நடும் முறையும் அங்கே உண்டு.

சுரபாலர் எழுதிய விருக்ஷாயுர்வேதம் இதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. இதன் சுவடி ஒன்று இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருந்தது. அதன் பிரதியை வரவழைத்து, நளினி ஸாதலே அவர்களின் மொழிபெயர்ப்போடு 1996-இல் செகந்தராபாத்தில் உள்ள ஏஷியன் அக்ரி-ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்டது. மரங்களுக்கும் வாத, பித்த, கப தோஷங்கள் உண்டு என்றும், கோடைக் கடைசியில் பித்தமும் குளிரிலும் வஸந்தத்திலும் கபமும் தாக்கும் என்றும் சுரபாலர் வகுக்கிறார். தோஷக் கணக்கை ஒப்புக்கொள்ளாதவர்களும், எந்த நோய் எந்தப் பருவத்தில் வரும் என்று பார்த்துவைத்திருக்கும் கவனத்தை மெச்சாமல் இருக்க முடியாது. 1363-ஆம் ஆண்டைச் சேர்ந்த சார்ங்கதர பத்ததியிலும் உபவன விநோதம் என்று தோட்டக்கலைக்குத் தனிப் பகுதி இருக்கிறது. கல்கத்தாவில் ஜி.பி. மஜும்தார் அதை 1935-இல் பதிப்பித்தார்.

இந்த நூல்கள் எல்லாம் ஆறு ருதுக்களை வைத்துப் பேசுகின்றன. ஸங்கல்பத்தில் நாமும் தினம் ருதுவைச் சொல்லுகிறோம். ஆனால் சென்னையில் ஐப்பசி அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு கோவிலுக்குப் போய் அங்கே ‘சரத் ருதௌ’ என்று சொல்லுகிறோம். வடக்கே சரத் என்றால் மழை ஓய்ந்து வானம் தெளிந்த காலம். ஸங்கல்பத்தின்படி வர்ஷ ருது ஆவணியும் புரட்டாசியும். அது உஜ்ஜயினிக்கு ஓரளவு பொருந்தும். சோழ தேசத்துக்குப் பெருமழை அதற்குப் பிறகுதான். சாஸ்திரத்தில் பெயர் ஒன்றாக இருந்தாலும் மண்ணுக்கு மண் காலம் வேறு. கொல்லையில் மரம் வைத்தவர்கள் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். அதனால்தான் ருதுவைக் காட்டிலும் நுட்பமான ஒரு கணக்கை எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே நட்சத்திரம், பல பெயர்

சூரியன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க 13 அல்லது 14 நாட்கள் ஆகும். வருஷத்தை இப்படி 27 பாகமாகப் பிரித்தால் தோட்ட வேலைக்குக் கச்சிதமான அளவு கிடைக்கிறது. தமிழ்நாட்டில் இதில் நமக்கு நன்றாகத் தெரிந்தது அக்னி நட்சத்திரம் ஒன்றுதான். பரணி 3-ஆம் பாதத்திலிருந்து ரோஹிணி முதல் பாதம் வரை, மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் கத்திரி வெயில் அது. வடக்கே சூரியன் ரோஹிணியில் நுழைந்த முதல் 9 நாட்களை ‘நவ்தபா’ என்று சொல்லி அந்த வெயிலைக் கணக்கில் வைக்கிறார்கள். தெலுங்கு தேசத்தில் ‘ரோஹிணி கார்த்தெ’, ‘ம்ருகசிர கார்த்தெ’ என்பார்கள். கன்னடத்தில் மழைக்கே நட்சத்திரப் பெயர்தான்: ம்ருகசிர மழை, ஆரித்ரா மழை என்று வரிசையாகச் சொல்லுவார்கள்.

பாலக்காட்டு அன்பர்களுக்கு ஞாற்றுவேலையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. ஜூன் 22 வாக்கில் தொடங்கும் திருவாதிரை ஞாற்றுவேலையில் வைத்த கொடியும் கொம்பும் பிழைக்கும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். மிளகுக்கொடியைப் பறங்கியர் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறார்களே என்று மந்திரி பதறியபோது, ‘கொடியைக் கொண்டுபோகலாம், திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியாதே’ என்று சாமூதிரி சிரித்ததாக ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, அதில் உள்ள விவசாயம் உண்மை. செடியைப் பெயர்த்து எடுத்துப் போகலாம். அதன் மழையைக் கட்டி எடுத்துப் போக முடியாது.

நாகபுரியில் நீரை நிறுத்துவது

இந்த நட்சத்திரக் கணக்கை மிகத் துல்லியமாக உபயோகிப்பவர்களை நான் கண்டது விதர்ப்பத்தில். நாகபுரி ஸந்த்ராவை போன்ஸ்லே மன்னர் ஒருவர் அன்றைய அவுரங்காபாத்திலிருந்து வரவழைத்தார் என்பது அந்த ஊர் வழக்கு. கமலா வகையைச் சேர்ந்த இந்தப் பழத்துக்கு 2014-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வருஷம் முழுவதும் நீர் விட்டால் ஆரஞ்சு மரம் சிறிதும் பெரிதுமாக எப்போதும் கொஞ்சம் பூக்கும். நல்ல மகசூல் எதிலும் இராது. ஆகவே மரத்தை ஒரு தடவை வாடவிட்டு, பிறகு நீர் கொடுத்து, ஒரே சமயத்தில் பூக்க வைக்கிறார்கள். இதற்கு பஹார் என்று பெயர். பஹார் பாரசீகச் சொல். வஸந்தம் என்று பொருள். மாமரம் பூக்கும் காலத்தை ஒட்டி ஜனவரி, பிப்ரவரியில் பூப்பது அம்பியா பஹார். சூரியன் ம்ருகசீர்ஷத்தில் நுழையும் ஜூன் 8-ஐ ஒட்டி மழையோடு பூப்பது ம்ருக் பஹார். செப்டம்பர் 27 வாக்கில் ஹஸ்தத்தில் நுழைவதை ஒட்டிப் பூப்பது ஹஸ்த பஹார். ஸம்ஸ்க்ருத நட்சத்திரமும் பாரசீக வஸந்தமும் மராட்டிக் குடியானவர் வாயில் ஒரே சொல்லாகிவிட்டன.

1980-களில் நாங்கள் அங்கே குடியிருந்த வீட்டின் பின்னால் மூன்று ஸந்த்ரா மரங்கள் இருந்தன. சித்திரை முடிந்ததும் வீட்டுக்காரர் நீரை அடியோடு நிறுத்திவிடுவார். 45 டிகிரி வெயிலில் இலை சுருண்டு தொங்கும். என் அகத்துக்காரிக்கு மனசு கேட்காது, குடத்தை எடுப்பாள். ‘வேண்டாம் தாயி, ம்ருக் வரட்டும்’ என்று அவர் தடுத்துவிடுவார். அடிமண்ணைக் கிளறி, எருவிட்டுத் தயாராக வைத்திருப்பார். முதல் மழை விழுந்து சில வாரங்களில் மரம் முழுக்கப் பூ. பழம் மாசி, பங்குனியில்.

எத்தனை நாள் வாடவிடலாம் என்பது மண்ணைப் பொறுத்தது. ஈரம் பிடிக்கும் கரிசலில் அதிக நாள், லேசான மண்ணில் குறைவு. இலை வாடி, கொஞ்சம் உதிரத் தொடங்குவதுதான் அடையாளம். தேதியை மட்டும் பார்த்து நிறுத்தினால் மரம் பட்டுப்போகவும் கூடும் என்று வீட்டுக்காரர் சொல்லுவார். நட்சத்திரம் அவருக்கு ஒரு நினைவூட்டல். தீர்ப்பு சொன்னது இலை.

எலுமிச்சைக்கு ஹஸ்த பஹார்தான் பணம் தருவது. அப்போது பூத்தால் சித்திரை, வைகாசியில் காய் வரும். பானகத்துக்கும் ஊறுகாய்க்கும் ஊரே எலுமிச்சை தேடும் சமயம். ஆனால் ஹஸ்தத்துக்கு முன் மரத்தை வாடவிட வேண்டுமே! அந்தச் சமயத்தில் வானம் பொழிந்தால் யார் என்ன செய்ய முடியும்? அதனால்தான் மூன்றில் இது மிகவும் சிரமமானது.

வந்து சேர்ந்த மரங்கள்

நம் கொல்லையில் உள்ளவற்றில் எத்தனை இந்த மண்ணுக்கே உரியவை என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கொய்யா, பப்பாளி, அன்னாசி, முந்திரி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் காலத்தில் வந்தவை. கொய்யா, பப்பாளி, அன்னாசி என்ற பெயர்களும் அவர்கள் வாய்மொழியிலிருந்து வந்தவையே. ஐரோப்பியர் துறைமுகங்களிலிருந்து வந்த அன்னாசி ஆக்ராவின் குல்-அஃப்ஷான் தோட்டத்தில் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் விளைவதாக ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். மும்பைக்கு வடக்கே தஹாணு, கோல்வட் பக்கத்துச் சப்போட்டாவும் வெளிநாட்டு மரந்தான். பெங்களூர் லால்பாக்கில் ஜான் கேமரான் பொறுப்பில் இருந்த காலத்தில் வந்து சேர்ந்தது சௌசௌ. அதையே நாம் பெங்களூர் கத்திரிக்காய் என்று கூட்டு பண்ணிச் சாப்பிடுகிறோம்.

பிருஹத் ஸம்ஹிதையில் கொய்யாவுக்கு விதி கிடையாது. ஆனாலும் வந்த மரத்துக்கு அந்தந்த ஊர்க்காரர்கள் காலம் கண்டுபிடித்தார்கள். கொய்யா மழைக் காலத்தில் ஏராளமாகக் காய்க்கும். ஆனால் சப்பென்று இருக்கும், உள்ளே புழு வைக்கும். குளிரில் வரும் பழமே இனிப்பு. லக்னோவில் இருந்தபோது பிப்ரவரியிலிருந்து மே நடு வரை கொய்யாவுக்கு நீர் விடாமல் வேனில் பூவை உதிரவிட்டுக் குளிர்காலப் பழத்துக்கு வழி செய்வதைப் பார்த்தேன். மஹாராஷ்டிரத்தில் அதையே ம்ருக் பஹாரில் அடக்கிவிட்டார்கள்.

திராட்சையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வடக்கே குளிரில் கொடி இலையுதிர்த்துத் தூங்குகிறது. ஜனவரி வாக்கில் ஒரு தடவை கவாத்து செய்தால் போதும். நாசிக்கில் தூங்கவைக்கும் குளிர் இல்லை. ஆகவே ஏப்ரலில் கிளை வளர்ப்பதற்காக ஒரு கவாத்து, அக்டோபரில் காய்ப்புக்காக ஒரு கவாத்து என்று வருஷத்துக்கு இரண்டு. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரே வருஷத்தில் இரண்டு போகம் கூட எடுத்துவிடுகிறார்கள். கொடி ஒன்றே, கத்தரிக்கோல் எடுக்கும் மாசம் மூன்று ஊரில் மூன்று விதம்.

வெள்ளைக்காரர்களும் இதே பாடத்தைத்தான் கற்றார்கள். வில்லியம் கேரி 1820-இல் கல்கத்தாவில் தோட்டக்கலைச் சங்கத்தை நிறுவினார்; சென்னைச் சங்கம் 1835-இல் வந்தது. ஃபர்மிஞ்சர் என்ற பாதிரியார் 1860-களில் எழுதிய தோட்டக் கையேட்டைப் பல தலைமுறை துரைமார்கள் வைத்திருந்தார்கள். அதன் தலைப்பிலேயே வங்காளம், மேல் இந்தியா என்று இரண்டு பிரதேசங்களைத் தனித்தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார். இங்கிலாந்தில் வசந்தத்தில் விதைக்கும் முட்டைக்கோஸையும் பட்டாணியையும் வடஇந்தியச் சமவெளியில் மழை ஓய்ந்த பிறகு விதைக்க வேண்டியிருந்தது.

நட்சத்திரமும் நகர்கிறது

இனி நம்மவர்கள் கவனிக்கவேண்டிய ஒரு விஷயம். நட்சத்திரக் கணக்கு என்றைக்கும் மாறாதது என்று நினைப்பது சரியில்லை. மகர சங்கராந்தியை உத்தராயண புண்ய காலம் என்று ஜனவரி 14, 15-இல் கொண்டாடுகிறோம். சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-இல். அயன சலனத்தால் ஏறக்குறைய 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் சேர்ந்த வித்தியாசம் இது. மழையும் வெயிலும் சூரியன் வடக்கே, தெற்கே போவதைத் தொடர்ந்து வருகின்றன. நட்சத்திரத்தைத் தொடர்ந்து வருவதில்லை. ஆகவே வராஹமிஹிரர் காலத்தில் மழை தொடங்கிய நட்சத்திரமும் இன்று தொடங்கும் நட்சத்திரமும் ஒன்றாக இருக்க முடியாது.

இதை முதலில் சொன்னவர்களில் வராஹமிஹிரரே ஒருவர். முன்னோர் சாஸ்திரத்தில் தக்ஷிணாயனம் ஆயில்யத்தின் நடுவில் தொடங்கியது, இப்போது கடகத்தின் ஆரம்பத்தில் தொடங்குகிறது, நேரில் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். பழைய நூலை மதித்துக்கொண்டே அதைத் திருத்தும் துணிவு அவருக்கு இருந்தது. அவர் சொன்ன கடக ஆரம்பமும் இன்று ஜூலை நடுவுக்கு வந்துவிட்டது. அயனமோ ஜூன் 21-இலேயே ஆகிவிடுகிறது.

மழையும் தன் பங்குக்கு மாறுகிறது. இந்திய வானிலைத் துறை தென்மேற்குப் பருவமழையின் சராசரித் தேதிகளை 2020-இல் திருத்தியது. கேரளத்துக்கு ஜூன் 1 அப்படியே நின்றது. டில்லிக்கு வரும் நாள் ஜூன் 29-லிருந்து 27 ஆயிற்று. மும்பையிலிருந்து மழை விலகும் நாள் செப்டம்பர் 29-லிருந்து அக்டோபர் 8-க்குத் தள்ளிப்போயிற்று. ஹஸ்த நட்சத்திரம் பிறப்பது செப்டம்பர் 27 என்று முன்பே சொன்னேன். மழை அக்டோபருக்கு நீண்டால் ஹஸ்த பஹாரை நம்பியவர் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

நம் குடியிருப்புகளில்

இது ஏதோ பெரிய தோட்டக்காரர்கள் பாடு என்று விட்டுவிட முடியவில்லை. நம்மில் பலருக்குக் கொல்லை போய், அடுக்கு மாடியும் பொதுப் புல்தரையும் வந்துவிட்டன. அந்தப் புல்தரையில் தப்பிப் பிழைத்த மரங்கள் இருக்கின்றன. புல்லுக்காக 365 நாளும் குழாய் ஓடுகிறது. மாமரத்துக்கு ஐப்பசி முதல் பூ வரும் வரை நீர் அவசியமில்லை. அதிக ஈரம் இருந்தால் பூவுக்குப் பதில் இலையாகத் தள்ளும். காய் பட்டாணி அளவு வந்த பிறகுதான் நீர் தேவை. எங்கள் வளாகத்தில் ஒரு பழைய மாமரம் நான்கு வருஷமாகக் காய்க்கவில்லை, கார் நிறுத்த இடம் வேண்டும், வெட்ட அனுமதி கேட்கலாம் என்று வருஷாந்திரக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது. ஒரு வருஷம் தவணை கேட்டோம். மரத்தடியில் மட்டும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாசமும் குழாயை நிறுத்தினோம். கடந்த மாசியில் தெற்குக் கிளைகளில் பூ வந்தது. முப்பது, நாற்பது காய் நின்றது. நீரை நிறுத்தியதால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்ப்பது மாமரத்தின் சுபாவம். தீர்மானம் இன்னும் ரத்தாகவில்லை, ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

பருவம் தெரியாததால் மலடு என்று பெயர் வாங்கி வெட்டுப்படும் மரங்கள் எத்தனையோ! டில்லிக் குளிரில் கறிவேப்பிலை இலை உதிர்த்தால் பட்டுவிட்டது என்று பிடுங்கிவிடுகிறோம். பனியிலிருந்து காத்து, நீரைக் குறைத்து வைத்தால் பெரும்பாலும் பங்குனியில் துளிர்த்துவிடும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று பாட்டி சொன்னது காவிரிக்கரைக்குச் சரி. அதையே நாகபுரியிலோ கொல்கத்தாவிலோ அப்படியே செய்ய வேண்டியதில்லை. அங்கே பக்கத்து வீட்டுக் கிழவருக்கு வேறு பழமொழி தெரிந்திருக்கும், அவரைக் கேட்கவேண்டும்.

உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டில் தொங்கும் நாள்காட்டியிலேயே, உங்கள் மாமரமோ எலுமிச்சையோ முதல் பூ விட்ட நாள், முதல் மழை பெய்த நாள், முதல் பழம் பழுத்த நாள் இந்த மூன்றையும் குறித்துவையுங்கள். நாள்காட்டியைத் தூக்கிப் போடாமல் ஐந்து வருஷம் சேர்த்து வைத்தால், உங்கள் ஊருக்கு, உங்கள் வாசல் மரத்துக்கு உரிய கணக்கு கையில் இருக்கும். பல ஊர்க் குறிப்புகளைச் சேர்த்து நம் இதழில் ஒரு பக்கம் வெளியிட ஆசிரியர் குழு சம்மதித்தால், தொகுத்துத் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.